"டிசி வாங்கிக்கிட்டு போங்க"ன்னு சொல்லிட்டாங்க, பையனை எந்த ஸ்கூல்ல சேர்க்கிறது?

குடியாத்தத்துல இருந்து ஒரு அம்மா நாலு பக்கத்துக்கு லெட்டர் எழுதியிருக்காங்க. பேர் வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க, அதனால ஊரை மட்டும் வச்சுக்கிட்டு அடையாளம் தெரியற மத்த விஷயங்களை மாத்திட்டேன்.

வீட்டுக்காரருக்கு கைலி வியாபாரம். பையனுக்கு 9 வயசு, நாலாவது படிக்கறான். பொண்ணுக்கு 6, ஒண்ணாவது. ரெண்டு பேரும் வேலூர்ல ஒரு பெரிய சிபிஎஸ்இ ஸ்கூல், காலைல 6:50க்கு வேன் ஏறினா வீடு திரும்ப சாயங்காலம் 5:30 ஆயிடுது. பையன்கிட்ட வாயால கேட்டா எல்லாம் சொல்றான், எழுதச் சொன்னா ஒரு வரி தாண்டாது. 'கொடி'ன்னு சொன்னா 'கெடி'ன்னு எழுதறான், இங்கிலீஷ்ல சின்ன பி எது சின்ன டி எதுன்னு இன்னும் குழப்பம், ஹிந்தி புக்கை தொடறதே இல்ல. எழுதலன்னு ரெண்டு வாட்டி யூகேஜி கிளாஸ்ல கொண்டு போய் உட்கார வச்சிருக்காங்க. நவம்பர்ல ஆஸ்பத்திரில டெஸ்ட் பண்ணி டிஸ்லெக்சியான்னு, அதாவது படிக்கறதுலயும் எழுதறதுலயும் வர்ற கற்றல் குறைபாடுன்னு, ரிப்போர்ட் வந்திருக்கு. ரிப்போர்ட்டை ஸ்கூல்ல குடுத்தா, "எங்ககிட்ட இதுக்கெல்லாம் வசதி இல்லம்மா, வருஷ கடைசில டிசி வாங்கிக்கோங்க"ன்னுட்டாங்க.

பள்ளிகொண்டா பக்கம் ஒரு சின்ன மெட்ரிக் ஸ்கூலை இந்தம்மாவே தேடிக் கண்டுபிடிச்சிருக்காங்க. கிளாஸுக்கு 22 பேர்தான். பிரின்சிபால் மேடம் முதல்ல பையன்கிட்ட குனிஞ்சு பேசினாங்களாம், "ஒரே வருஷத்துல சரி பண்ணிடலாம் கவலைப்படாதீங்க"ன்னாங்களாம், அங்கயே அழுகை வந்துடுச்சாம். வீட்டுக்காரர் மலை மேல ஹாஸ்டல்ல போட்டா சரியாகும்ங்கறார். மாமியார், "அவனுக்கு இன்னா கொறை, நல்லாத்தானே கீறான், நீதான் முத்திரை குத்தி வச்சிருக்க"ன்னு திட்டறாங்க. இவங்க கேக்கற கேள்வி மூணு. புது ஸ்கூல்ல ரிப்போர்ட்டை காட்டாம சேர்த்துடலாமா? பொண்ணையும் அங்கயே மாத்தினா அண்ணனுக்கு துணையா இருக்குமே? வீட்ல தமிழ்லயே பேசி வளர்த்ததாலதான் இப்படி ஆச்சா?

கடைசி கேள்வில இருந்து ஆரம்பிக்கறேன்மா, ஏன்னா மத்த ரெண்டும் உங்க தலைய குடையுது, இது உங்க மனச குடையுதுன்னு கையெழுத்துலயே தெரியுது. தமிழ்ல பேசினதால டிஸ்லெக்சியா வராது. போன் பாக்கறதால வராது, நீங்க வேலைக்கு போனதால வராது, கண்ணாடி போட்டா போகாது. சத்தத்தை எழுத்தோட பொருத்திப் பாக்கற வேலைய மூளை வேற மாதிரி செய்யுது, பிறவிலயே அப்படித்தான், குடும்பத்துல ஒருத்தருக்கு இருந்தா இன்னொருத்தருக்கும் வர வாய்ப்பு அதிகம். புத்திக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. உங்க லெட்டர்லயே ஒரு இடம் வருது, கடைல எந்த கட்டம் போட்ட கைலி எந்த ஷெல்ஃப்ல எத்தனை பீஸ் இருக்குன்னு அப்பாவுக்கு முன்னாடி பையன் சொல்லிடறான்னு. அதை வச்சு அவன் ஜீனியஸ்னு சொல்ல வரல (இப்படி சொல்லி பெத்தவங்களை கிளப்பி விடறது இப்ப ஒரு ஃபேஷன் ஆயிடுச்சு), ஞாபகமும் கணக்கும் நல்லா இருக்கற பையன் எழுத்துல மட்டும் தடுக்கி விழறான், அவ்வளவுதான்.

இன்னொண்ணு, தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டுக்காரர் எட்டாவதோட நின்னுட்டார், "படிப்பு ஏறல"ன்னு சும்மா ஒரு வரில எழுதிட்டு போயிட்டீங்க. அவருக்கும் இதேதான்னு பாக்காம நான் சொல்ல முடியாது. ஆனா பையன் புக்கை தொறந்தா அவர் எழுந்து வெளிய போயிடறார்னு எழுதியிருக்கீங்களே, அது கோவமாத்தான் இருக்கணும்னு இல்ல. ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், "ஸ்கூல்ல உங்களுக்கு எப்படி இருந்துச்சு"ன்னு கேட்டுப் பாருங்க. ஹாஸ்டல் பேச்சு அதுலயே பாதி அடங்கும்னு எனக்குத் தோணுது. ஹாஸ்டலைப் பத்தி என் கருத்து சுருக்கமா இதுதான்: 9 வயசுல படிக்க முடியாம தவிக்கற புள்ளைக்கு, நாள் முழுக்க அடி வாங்கின மாதிரி இருந்துட்டு வந்து விழறதுக்கு ஒரு மடி வேணும், அதை எடுத்துடாதீங்க.

டிசி வாங்கச் சொல்ல அவங்களுக்கு உரிமை இருக்கா?

இல்ல. இதைத் தெளிவா சொல்றேன், ஏன்னா போகணும்னு சொல்லிட்டாங்க, போய்த்தான் ஆகணும்னு நீங்க நினைச்சுட்டீங்க. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி 6 வயசுல இருந்து 14 வயசு வரைக்கும் இருக்கற புள்ளைய எட்டாவது முடியற வரைக்கும் ஸ்கூல்ல இருந்து வெளியேத்தக் கூடாது. அதே சட்டத்துல 17வது பிரிவு, அடிக்கவும் கூடாது மனசளவுல துன்புறுத்தவும் கூடாதுன்னு சொல்லுது, நாலாவது படிக்கற பையனை யூகேஜில உட்கார வச்சது இதுல வரும். சிறுபான்மையினர் நடத்தற ஸ்கூலா இருந்தா அந்த சட்டம் பொருந்தாதுன்னு 2014ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, நம்ம வேலூர் பக்கம் அந்த மாதிரி ஸ்கூல் நிறைய இருக்கறதால இதையும் சொல்லிடறேன். ஆனா 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கவர்ன்மென்ட் அங்கீகாரம் வாங்கின எல்லா ஸ்கூலுக்கும் உண்டு. அதுல கற்றல் குறைபாடு பேர் போட்டே இருக்கு, அதை சீக்கிரம் கண்டுபிடிச்சு அதுக்கேத்த மாதிரி சொல்லிக் குடுக்கறது ஸ்கூலோட கடமைன்னு 16வது பிரிவு சொல்லுது. "வசதி இல்ல"ங்கறது பதில் ஆகாது.

அதனால சண்டைக்கு போங்கன்னு சொல்லல. ஒரு லெட்டர் எழுதுங்க. ரிப்போர்ட் காப்பி வச்சு, கேள்வித்தாளை படிச்சுக் காட்டணும், கூடுதல் நேரம் வேணும், எல்லார் முன்னாடியும் நிக்க வச்சு சத்தமா படிக்கச் சொல்லக் கூடாது, ஸ்பெல்லிங்குக்கு மார்க் குறைக்கக் கூடாது, இந்த நாலை மட்டும் கேளுங்க. ஆபீஸ்ல குடுத்துட்டு உங்க காப்பில சீல் வாங்கிக்கோங்க. பதில் வரலன்னா தனியார் பள்ளிகளுக்குன்னு தனியா மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கார், அங்க மனு குடுக்கலாம். திரும்ப யூகேஜில உட்கார வச்சா குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் பண்ணலாம். ஆனா உண்மையச் சொல்லணும்னா, சட்டத்தைக் காட்டி உட்கார்ந்திருக்கற இடத்துல புள்ள சந்தோஷமா இருக்காது. லெட்டரோட உபயோகம் வேற: அவசரமில்லாம ஸ்கூல் தேட உங்களுக்கு டைம் கிடைக்கும், ஏப்ரல் பரீட்சை வரைக்கும் பையனை கொஞ்சம் நிம்மதியா விடுவாங்க. கடைசில மாத்தறதா முடிவு பண்ணினா, ஃபீஸ் பாக்கின்னு சொல்லி டிசிய பிடிச்சு வைக்கவும் கூடாது, டிசில அதை எழுதவும் கூடாதுன்னு 2024ல மெட்ராஸ் ஹைகோர்ட் சொல்லியிருக்கு.

ரிப்போர்ட்டை ஒளிக்கலாமா?

வேணாம்மா. உங்க பயம் புரியுது, ஒரு இடத்துல காட்டினதுக்கு என்ன ஆச்சுன்னு பாத்துட்டீங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க, ஒளிச்சு சேர்த்தா ஜூன்ல ஒண்ணும் தெரியாது, ஜூலைல முதல் டெஸ்ட் பேப்பர் வரும்போது புது மிஸ் என்ன நினைப்பாங்க? சோம்பேறி, கவனம் இல்ல, வீட்ல பாக்கறதில்ல. பழைய ஸ்கூல்ல மூணு வருஷம் கேட்ட அதே வார்த்தை. அவன் திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். முன்னாடியே காட்டி, அதனால ஒரு ஸ்கூல் மூஞ்சிய சுளிச்சா, அது உங்களுக்கு இலவசமா கிடைச்ச தகவல்.

சர்டிபிகேட் வாங்கினா நாளைக்கு கல்யாணத்துக்கு இடைஞ்சலாகுமோன்னு மாமியார் பயப்படற விஷயம் வேற, ரெண்டையும் நீங்க கலந்துட்டீங்க. ஆஸ்பத்திரி ரிப்போர்ட் ஒண்ணு, மாற்றுத்திறனாளி சர்டிபிகேட் ஒண்ணு. ஸ்கூல்ல உதவி கேக்க ரிப்போர்ட் போதும். சர்டிபிகேட் 8 வயசுக்கு மேலதான் தருவாங்க, சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் வளாகத்துல மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல கேட்டா நடைமுறை சொல்வாங்க. பத்தாவது பொதுத்தேர்வுல கூடுதலா ஒரு மணி நேரம், சொல்றதை எழுதறவர், ஒரு மொழிப் பாடத்துல விலக்கு, இதுக்கெல்லாம் அப்ப பேப்பர் கேப்பாங்க. அது உங்க பீரோல இருக்கற காகிதம், தேவைப்படற இடத்துல மட்டும் எடுப்பீங்க. பொண்ணு பாக்க போற வீட்ல யாரும் கேக்கப் போறதில்லன்னு மாமியாருக்கு சொல்லுங்க, இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவங்க காத்துக்கிட்டிருக்காங்களோ என்னவோ.

அந்த சின்ன ஸ்கூல்

இங்கதான் உங்களை கொஞ்சம் நிறுத்தணும். பிரின்சிபால் குனிஞ்சு பேசினது நல்ல அறிகுறி, அதை நான் குறைச்சு சொல்லல. ஆனா "ஒரே வருஷத்துல சரி பண்ணிடலாம்"னு சொன்னாங்க பாருங்க, அங்க எனக்கு மணி அடிச்சுது. டிஸ்லெக்சியா சரியாகிப் போற வியாதி இல்ல. சத்தத்தை பிரிச்சு, எழுத்தோட சேர்த்து, வாரத்துக்கு மூணு நாலு நாள் அரை மணி முக்கால் மணின்னு ஒழுங்கா சொல்லிக் குடுத்தா நல்லா முன்னேறுவாங்க, ஆனா அது வருஷக்கணக்கான வேலை, பெரியவனான பிறகும் மெதுவாத்தான் படிப்பான். இது தெரிஞ்சவங்க ஒரு வருஷம்னு சொல்ல மாட்டாங்க. அப்ப அந்த மேடத்துக்கு மனசு இருக்கு, விஷயம் தெரியுமான்னு பாக்கணும்.

எனக்கே சூடு பட்ட அனுபவம் உண்டு. தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு ஸ்கூலோட சாய்தளம், கலர் கலரா ஒரு ரூம், சுவர்ல "எல்லோரும் சமம்"னு போஸ்டர், இதையெல்லாம் பாத்து மயங்கி ஒரு பொண்ணை அங்க அனுப்பினேன். ஆறு மாசம் கழிச்சுதான் தெரிஞ்சுது, காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் அந்த கலர் ரூம்லயே தனியா கலரிங் புக்கோட உட்கார வச்சிருக்காங்க. அவங்கம்மா என்கிட்ட ஒண்ணும் கோவப்படல, அதுதான் இன்னும் உறுத்துது.

அதனால இன்னொரு வாட்டி போங்க, அட்மிஷன் மேளா அன்னிக்கு இல்ல, சாதாரண செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு. பிரின்சிபாலை விட்டுட்டு நாலாவது, அஞ்சாவது எடுக்கற மிஸ்கிட்ட பேச அனுமதி கேளுங்க. "ஒரு பையனுக்கு போர்டுல இருக்கறதை பாத்து எழுத முடியல, என்ன பண்ணுவீங்க"ன்னு கேளுங்க. "எழுத வச்சிடுவோம்"னா ஒரு அர்த்தம், "நான் எழுதி ஒட்டிக் குடுப்பேன், வாயால கேப்பேன்"னா வேற அர்த்தம். மெதுவா படிக்கற ஒரு புள்ளையோட நோட்டை, பேரை மறைச்சு, காட்ட முடியுமான்னு கேளுங்க. முழுக்க சிவப்பு மையா இருக்கா, இல்ல நாலு தப்புல ஒண்ணை மட்டும் எடுத்து பக்கத்துல திருத்தி எழுதியிருக்கா? நான் எந்த ஸ்கூல் போனாலும் முதல்ல பாக்கறது அந்த நோட்டுதான், பில்டிங்கை அப்புறம்தான் பாப்பேன்.

கேக்க வேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கு. ஸ்பெஷல் எஜுகேட்டர் (இந்த மாதிரி புள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்கற சிறப்பாசிரியர்) இருக்காங்களா, இருந்தா வாரத்துக்கு எத்தனை நாள் வராங்க? இல்லன்னா நீங்க வெளிய ஏற்பாடு பண்ற ஆள் சொல்றதை கிளாஸ் மிஸ் கேப்பாங்களா? அடுத்த ஜூன்ல மிஸ் மாறினா இவன் விஷயத்தை யார் யார்கிட்ட சொல்லுவாங்க (நல்ல ஸ்கூல்லயும் கோட்டை விடற இடம் இது)? ஹிந்தி கட்டாயமா? இது உங்க பையனுக்கு ரொம்ப முக்கியம், தமிழ் எழுத்தே திண்டாட்டம், இங்கிலீஷ் ரெண்டாவது, மூணாவதா இன்னொரு எழுத்து முறைய ஏத்தறதுக்கு எந்த அவசியமும் இல்ல. வெளிய வரும்போது கேட் பக்கத்துல நிக்கற ஆயாம்மாகிட்டயும் ரெண்டு வார்த்தை பேசுங்க, எந்த மிஸ் கத்துவாங்கன்னு அவங்களுக்கு தெரியாம இருக்காது.

மெட்ரிக்னா சிலபஸ் ஈஸி, அதனால அவனுக்கு சுலபம்னு எழுதியிருக்கீங்க. அதை நம்பி முடிவெடுக்காதீங்க. சிபிஎஸ்இலயும் இந்த புள்ளைங்களுக்கு சலுகை உண்டு, ஸ்டேட் போர்டுலயும் உண்டு. கிளாஸ் ரூம்ல என்ன நடக்குதுங்கறதுதான் வித்தியாசம். அந்த ஸ்கூலுக்கு நிஜமாவே ஒரு பெரிய பாயிண்ட் இருக்கு, நீங்க அதை கவனிக்கவே இல்ல: தூரம். இப்ப அவன் ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல வேன்ல உட்கார்ந்துட்டு வரான். பள்ளிகொண்டான்னா அது பாதியா குறையும். மிச்சமாகற நேரத்துல தனியா சொல்லிக் குடுக்கற கிளாஸ் ஒண்ணு வைக்கலாம். டியூஷன் இல்ல, கவனிங்க. டியூஷன்ல ஸ்கூல்ல புரியாத அதே பாடத்தை அதே மாதிரி இன்னொரு வாட்டி ஓட்டுவாங்க. ரிப்போர்ட் குடுத்த ஆஸ்பத்திரிலயே கேளுங்க, இல்லன்னா பாகாயத்துல சிஎம்சியோட மனநலப் பிரிவுல குழந்தைகளுக்குன்னே தனி யூனிட் இருக்கு, அங்க விசாரிக்கலாம்.

காசு விஷயம்

"ஜாஸ்தி ஃபீஸ் கட்டினாத்தான் ஜாஸ்தி கவனிப்பாங்கன்னு தெரியும், நகைய வச்சாவது கட்டிடறோம்"னு எழுதியிருக்கீங்க. நகைய உள்ள வைங்கம்மா. ஃபீஸ் பெரும்பாலும் பில்டிங்குக்கும் பஸ்ஸுக்கும் போகுது. தமிழ்நாட்டுல தனியார் ஸ்கூல் ஃபீஸை நிர்ணயிக்க 2009 சட்டப்படி ஓய்வு பெற்ற ஹைகோர்ட் நீதிபதி தலைமையில கமிட்டி இருக்கு, உங்க ஸ்கூலுக்கு எவ்வளவு நிர்ணயம் பண்ணியிருக்காங்கன்னு கேட்டு வாங்கிப் பாருங்க. டொனேஷன்னு தனியா கேட்டா அது சட்டப்படி குத்தம், ரசீது இல்லாம ஒரு ரூபா குடுக்காதீங்க. கல்வி உரிமைச் சட்டத்துல வர்ற 25 சதவீத இலவச சீட்டுல சேர்க்கலாமான்னு கேட்டீங்க, அது எல்கேஜி இல்ல ஒண்ணாவதுன்னு ஆரம்ப கிளாஸுக்கு மட்டும்தான், அஞ்சாவதுக்கு கிடையாது.

கவர்ன்மென்ட் ஸ்கூல்னாலே வீட்ல முகம் சுளிக்கறாங்கன்னு எழுதியிருக்கீங்க. ஒரு வாட்டி பாத்துட்டு சுளிக்கச் சொல்லுங்க. சமக்ர சிக்ஷாங்கற அரசு கல்வித் திட்டத்துல வட்டார வளமையத்துல சிறப்பாசிரியர்கள் இருக்காங்க, ஸ்கூலுக்கு வந்து போவாங்க. எல்லா இடத்துலயும் ஒழுங்கா நடக்குதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா தனியார்ல பல இடத்துல அந்த ஆளே இல்ல.

பாப்பாவை விட்டுடுங்க

அண்ணனோட டைரிய இவதான் படிச்சுக் காட்டறா, சில நாள் ஹோம்வொர்க்கும் எழுதிடறான்னு சிரிச்சுக்கிட்டே எழுதியிருக்கீங்க. எனக்கு சிரிப்பு வரல. 6 வயசு தங்கச்சி படிச்சுக் காட்டி 9 வயசு அண்ணன் கேட்டுக்கறது, அவனுக்கு எவ்வளவு கூசும்! அவளுக்கும் அது பாரம், சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். அவளுக்கு இப்ப இருக்கற ஸ்கூல் பிடிச்சிருக்கு, ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க. ரெண்டு புள்ளைங்களும் ஒரே ஸ்கூல்ல இருந்தாத்தான் நியாயம்னு ஒண்ணும் இல்ல. வேன் ரெண்டாகுது, பேரன்ட்ஸ் மீட்டிங் ரெண்டாகுது, கஷ்டம்தான். தூரத்துக்காக அவளையும் மாத்தறதுன்னா மாத்துங்க, அது வேற காரணம். அண்ணனுக்கு துணைக்குன்னு மாத்தாதீங்க. டைரிய இனிமே நீங்களே படிங்க.

முடிவெடுக்கறதுக்கு முன்னாடி பையனை அந்த பள்ளிகொண்டா ஸ்கூல்ல ஒரு நாள் உட்கார வைக்க முடியுமான்னு கேளுங்க, நிறைய சின்ன ஸ்கூல்ல ஒத்துக்குவாங்க. திரும்பி வரும்போது "பிடிச்சிருக்கா"ன்னு கேக்காதீங்க, உங்களுக்காக ஆமான்னுடுவான். "மத்தியானம் யார் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்ட"ன்னு கேளுங்க, அதுல தெரிஞ்சிடும்.

அப்புறம் பையன் அரிசி டிரம்ல ஒளிச்சு வச்ச அந்த ஸ்கூல் டைரி. டைரிய எடுத்து எல்லார் முன்னாடியும் அவனை கேட்டுட்டதா எழுதியிருக்கீங்க, பரவால்ல, நடந்தது நடந்துடுச்சு. இன்னிக்கு ராத்திரி அவன் தூங்கறதுக்கு முன்னாடி பக்கத்துல போய், "இனிமே டைரில என்ன எழுதியிருந்தாலும் முதல்ல அம்மா மட்டும் தனியா பாக்கறேன், அப்பாகிட்ட என்ன சொல்லணும்னு நாம ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணலாம்"னு சொல்லிடுங்க. ஸ்கூல்ல இருந்து லெட்டருக்கு என்ன பதில் வந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க.